நகங்களின் நிறம் மாறுவது ஏன்? மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

ஆரோக்கியமான நகம் வழவழப்பாகவும் இளஞ்சிவப்பு நிறத்திலும் காணப்படும். நகத்தகடு ஏறத்தாழ நிறமற்றது. அதன் அடியில் உள்ள திசுவில் ஓடும் இரத்தமே நகத்திற்கு அந்த நிறத்தைத் தருகிறது. எனவே, நகத்தின் நிறமாற்றம் வெறும் கறையாகவும் இருக்கலாம். உடலுக்குள் உள்ள நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மஞ்சள் நிறம்

மஞ்சள்தூள் சேர்த்த உணவைக் கையால் உண்பது, மருதாணி, நகப்பூச்சு, புகைப்பழக்கம் ஆகியவற்றால் ஏற்படும் கறை, நகம் வளர வளரத் தானாகவே நீங்கிவிடும். மாறாக, நகம் தடித்து, பொடிந்து உதிர்ந்தால் பூஞ்சைத் தொற்று காரணமாக இருக்கலாம். முதியவர்களுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் இத்தொற்று அதிகம் ஏற்படுகிறது.

சொரியாசிஸ் நோயிலும் நகம் இதேபோல மாறும் என்பதால், நகத்துணுக்கைப் பரிசோதித்த பின்னரே சிகிச்சை தொடங்குவது நல்லது. பூஞ்சைக்கு எதிரான மாத்திரைகளைப் பல வாரங்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருக்கும். அவற்றில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், மருத்துவர் பரிந்துரையின்றி மருந்துக் கடையில் வாங்கி உட்கொள்ளக் கூடாது.

வெள்ளை மற்றும் வெளிறிய நிறம்

நகத்தில் தோன்றும் சிறு வெண்புள்ளிகள் கால்சியம் குறைபாட்டால் வருபவை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பெரும்பாலும் நகத்தின் அடிப்பகுதியில் படும் சிறு அடிகளே அதற்குக் காரணம்.

நகங்கள் வெளிறி, கரண்டி போலக் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைபாட்டால் ஏற்படும் இரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. நகத்தின் பெரும்பகுதி வெண்மையாக மாறுவது கல்லீரல் நோயையும், பாதி வெண்மையாகவும் பாதி பழுப்பாகவும் இருப்பது நாள்பட்ட சிறுநீரக நோயையும் குறிக்கலாம்.

பச்சை மற்றும் நீல நிறம்

தொடர்ந்து நீரில் கைகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு, நகம் சதையிலிருந்து விலகிய இடத்தில் பாக்டீரியா வளர்ந்து பச்சை நிறம் தோன்றலாம். நகங்களும் உதடுகளும் நீலமாவது இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் காட்டும். அத்துடன் மூச்சுத்திணறலும் இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கருப்பு நிறம்

அடிபட்டு நகத்தின் கீழ் இரத்தம் கட்டினால், அக்கருமை நகத்துடன் சேர்ந்து நுனியை நோக்கி நகரும். கைவிரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அது முழுமையாகப் புதிதாக வளர ஏறத்தாழ 6 மாதங்களும், கால் பெருவிரல் நகத்திற்கு 12 முதல் 18 மாதங்களும் ஆகும். கருநிறத் தோல் கொண்டவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது இயல்பே.

ஆனால், ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றிய கருங்கோடு அகலமாகிக்கொண்டே வந்தாலோ, கருமை சுற்றியுள்ள தோலுக்குப் பரவினாலோ அது மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கக்கூடும். ஜமைக்காவைச் சேர்ந்த இசைக்கலைஞர் பாப் மார்லியின் கால் விரல் நகத்தின் கீழ் இந்நோய் இருப்பது 1977-ம் ஆண்டு கண்டறியப்பட்டது. நோய் உடலில் பரவியதால், 1981-ம் ஆண்டு தனது 36-வது வயதில் அவர் காலமானார்.

கவனிக்க வேண்டியவை

* அடிபடாமலேயே நகம் கருத்தல், அல்லது கருமை நுனியை நோக்கி நகராதிருத்தல்
* ஒரே நேரத்தில் பல நகங்கள் நிறம் மாறுதல்
* வலி, வீக்கம், சீழ், இரத்தக்கசிவு
* நகம் தடித்தல் அல்லது சதையிலிருந்து விலகுதல்

இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் தோல் நோய் மருத்துவரை அணுக வேண்டும். நீரிழிவு நோயாளிகள் கால் நகங்களில் சிறு மாற்றம் தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. பரிசோதனைக்குச் செல்லும் முன் நகப்பூச்சை முழுவதுமாக நீக்கிவிடுவது அவசியம். நிறமாற்றத்தை வாரந்தோறும் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால், அது நகருகிறதா, பரவுகிறதா என்பதை மருத்துவர் எளிதில் அறிய உதவும்.