தஞ்சாவூர்ச் சுறாவும் சோழர் புலியும்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துல 2020 ஜனவரி 20-ம் தேதி 222-வது ஸ்குவாட்ரன், சுகோய்-30 விமானங்களோட குடியேறிச்சு. அதோட பேரு 'டைகர்ஷார்க்ஸ்'. நம்ம பாஷையில புலிச்சுறா.

புலின்னு காதுல விழுந்ததுமே நம்மாளுங்களுக்குச் சோழர் கொடிதான் ஞாபகம் வரும். ஊரும் தஞ்சாவூர் வேற! சிதம்பரம், கடலூர் பக்கம் இதைச் சொல்லிப் பாருங்க, "ராஜேந்திர சோழனுக்கு டெல்லிக்காரன் செஞ்ச மரியாதை"ன்னு உடனே முடிச்சுடுவாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா வரலாறு நம்ம ஆசையைக் கேட்டுக்கிட்டு நடக்கறதில்லையே :-)

விஷயம் இதுதான். இந்தப் படைப்பிரிவு 1969-ல் சுகோய்-7 விமானங்களோடு ஆரம்பிச்சது. பிறகு மிக்-27-க்கு மாறி, மேற்கு வங்கத்து ஹாசிமாராவில் இருந்தது. அப்பவே இது டைகர்ஷார்க்ஸ்தான். விமானப்படையில் சின்னம் படைப்பிரிவோட சொத்து, ஊரோட சொத்து இல்லை. பழைய விமானங்கள் ஓய்வு பெற்றா எண்ணையும் சின்னத்தையும் பத்திரமா எடுத்து வெச்சுட்டு, புது விமானம் வந்ததும் மறுபடி உயிர் கொடுப்பாங்க. பிரிட்டிஷ்காரன் விட்டுட்டுப் போன வழக்கம் இது. குடியரசு ஆனதும் மேலே இருந்த கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது, அவ்வளவே.

வேடிக்கை என்னன்னா, பேரு இப்பத்தான் வேலைக்குப் பொருந்தியிருக்கு. இரண்டரை டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்து போய்க் கடல்ல கப்பலைத் தாக்கறதும் இப்போ இவங்க வேலை. இன்னொரு வேடிக்கை, திருவாலங்காட்டுச் செப்பேட்டின் சோழ முத்திரையில் புலிக்குப் பக்கத்திலேயே மீனும் இருக்கு. ஆனா அந்த மீன் பாண்டியனோடது. அவனை அடக்கினோம்னு சொல்ல வெச்சது. புலியும் மீனும் சேர்ந்தது தற்செயல். தற்செயலை ஆதாரமாக்கினா நாளைக்கு நிஜத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.

நிஜமான தமிழ் வேணுமா? அரக்கோணம் கடற்படை விமானத் தளத்துக்கு 1992-லேயே 'ராஜாளி'ன்னு பேரு. உச்சிப்புளித் தளத்துக்கு 2009-ல் 'பருந்து'. ரெண்டும் வேணும்னே வெச்ச தமிழ்ப் பேருங்க.

பெருமைப்பட இது போதாதா? சோழனுக்கு நாம ஏன் பொய்ச்சாட்சி சொல்லணும்?