கங்கைகொண்ட சோழபுரம்: நகரின் அழிவும் எஞ்சிய சான்றுகளும்

முதலாம் இராசேந்திரன் நிறுவிய கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கியது. அரியலூர் மாவட்டத்திலுள்ள அவ்விடத்தில் இன்று கோயில் மட்டுமே நிமிர்ந்து நிற்கிறது. சோழரை வென்ற பாண்டியர் நகரைத் தரைமட்டமாக்கினர் என்னும் கருத்து பாடநூல்களிலும் பயணநூல்களிலும் உறுதியான செய்தியாகவே இடம்பெற்றுவிட்டது. அக்கருத்தைக் களச் சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடதிசைப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின் தோன்றிய நகர் இது. கொணர்ந்த கங்கை நீரைக் கொண்டு அமைத்த சோழகங்கம் என்னும் ஏரியை நீர்வடிவான வெற்றித்தூணாகவே திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. பொன்னேரி என இன்று வழங்குவது அதுவே. கலிங்கத்துப்பரணி இந்நகரைக் கங்காபுரி என்கிறது. சாளுக்கிய அவைப்புலவர் பில்கணரின் வடமொழிக் காவியமும் இதனைச் சோழர் அரசியலின் மையமாகக் காட்டுகிறது. பகைப்புலத்துப் புலவர் ஒருவரின் பதிவு என்பதால் இதற்குத் தனி மதிப்புண்டு.

நகரின் அமைப்பை அறிய ஊர்ப்பெயர்கள் முதற்கண் துணைசெய்கின்றன. மாளிகைமேடு, உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் ஆகியன கோயிலைச் சுற்றி அமைந்துள்ளன. ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு நகரமைப்பை வரைந்துவிட இயலாது. பெயர்கள் இடம்பெயரும், பிற்காலத்தில் புதியனவாகவும் தோன்றும். ஆயினும் மாளிகைமேட்டைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-களிலும் 2021 முதலும் அங்கு நிகழ்த்திய அகழாய்வுகளில் அரண்மனையின் செங்கற் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், செப்புக் காசுகள், சீனப் பானையோடுகள் முதலியன கிடைத்துள்ளன. கோயில் கருங்கல்லாலும் அரண்மனை செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. இவ்வேறுபாடே நகர் மறைந்து கோயில் எஞ்சியதற்குப் பெரும் காரணம் எனக் கொள்ளலாம்.

இனி அழிவைப் பற்றி. பாண்டியர் படையெடுப்பால் நகர் அரசியல் முதன்மையை இழந்தது என்பதில் ஐயமில்லை. மூன்றாம் இராசேந்திரனோடு, 1279-ஆம் ஆண்டளவில், சோழர் ஆட்சி முடிவுற்றது. ஆனால் இதே கோயிலில் குலசேகர பாண்டியன், சுந்தர பாண்டியன் ஆகியோர் காலக் கல்வெட்டுகளும் உள்ளன. வழிபாடு தொடர்ந்தது, பாண்டியர் ஆட்சியும் கோயிலை ஏற்றது. நகர் முழுவதையும் இடித்தனர் என்பது இந்நிலையில் ஊகமே. தலைநகர் என்னும் தகுதி நீங்கியபின் குடிகள் கலைந்ததும் பராமரிப்பு அற்றதும் அதற்கு ஈடான விளக்கமாகும்.

ஆவணச் சான்றோடு அறியப்படும் இடிப்பு மிகப் பிற்காலத்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் திருச்சுற்று மதிலும் கோபுரமும் இடிக்கப்பட்டு அவற்றின் கற்கள் அணைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மக்களின் எதிர்ப்பு பயனளிக்கவில்லை. இடித்த மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட உறுதி நிறைவேறவில்லை. உழவுக்கு நீர் தந்த அணை பயனுடையதே. எனினும் அதன் விலையில் ஒரு பகுதியை இக்கோயில் செலுத்தியது. அரண்மனை மேட்டின் செங்கற்களையும் சுற்றூரார் நெடுங்காலம் தோண்டி எடுத்துள்ளனர்.

2004-இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் கோயில் சேர்க்கப்பட்டது. மதிலோடும் கோபுரத்தோடும் போன கற்களில் எழுத்துகள் இருந்திருக்கக்கூடும். ஆகவே கல்வெட்டாய்வாளர் தேட வேண்டிய இடங்களுள் அணைக்கரையும் ஒன்று.