பாறையடியில் நின்ற கப்பல்

ஜிப்ரால்டரில் பங்கர் எடுக்க நங்கூரம் போட்டால், இன்ஜின் ரூமிலிருந்து மேலே வந்து அந்தச் சுண்ணாம்புப் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எண்ணெய், உதிரிப் பாகம், காய்கறி எல்லாம் படகில் வரும். வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவோம். கப்பல்காரர்களுக்கு அது வழிச்சத்திரம்.

கிரேஸ் 1 கப்பலும் சாமான் ஏற்றத்தான் அங்கே வந்தது. அதன் வயிற்றில் ஏற்கெனவே ஈரானின் 21 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய் இருந்தது. முழுச் சுமையோடு சூயஸில் நுழைய முடியாத உடம்பு என்பதால் ஆப்பிரிக்காவையே சுற்றி வந்திருந்தது. 2019 ஜூலை 4 அதிகாலை பிரிட்டிஷ் ராயல் மரீன் வீரர்கள் அதில் ஏறினார்கள். எண்ணெய் சிரியாவின் பனியாஸ் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது, அந்த ஆலை ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது என்பது அப்போதைய குற்றச்சாட்டு.

1713 உத்ரெக்ட் உடன்படிக்கையால் பிரிட்டனுக்குப் போன இடம் ஜிப்ரால்டர். ஆனாலும் உள்ளூர்ச் சட்டத்தை அதன் நாடாளுமன்றமே இயற்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் போட்ட தடையை வைத்து ஒரு கப்பலைப் பிடித்து நிறுத்த உள்ளூர் விதி வேண்டும். அந்த விதி வெளியானது ஜூலை 3. கப்பலையும் அன்றே அதன்கீழ் குறிப்பிட்டார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பாதிக் கடலைக் கடந்த பயணத்துக்கு, முந்தின நாள் பிறந்த விதி! இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அந்தக் கப்பலிலிருந்து கைதான நால்வர்: கேப்டன், சீஃப் ஆபீசர், இரண்டு செகண்ட் மேட். நால்வரும் இந்தியர். சரக்கு யாருடையது, எங்கே இறக்குவது என்பதைக் கரையில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். விலங்கு கப்பலில் இருப்பவன் கைக்கு வருகிறது. ஜூலை 19இல் ஈரான் பிடித்த ஸ்டெனா இம்பெரோ என்ற பிரிட்டிஷ் கொடிக் கப்பலிலும் 23 பேரில் 18 பேர் நம்மவர்கள். அவர்கள் வீடுகளில் அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சிரியாவுக்குப் போகாது என்று ஈரான் எழுதிக் கொடுத்தபின், ஆகஸ்ட் 15இல் கப்பலை விடுவித்தார்கள். நால்வர் மீதான நடவடிக்கையும் அன்றே முடிந்தது. அமெரிக்கா மறுபடி பிடித்துவைக்கச் சொன்னது. அமெரிக்கத் தடை ஐரோப்பாவில் செல்லாது என்று ஜிப்ரால்டர் மறுத்தது.

ஆட்ரியன் தார்யா 1 என்ற புதுப்பெயரோடு ஆகஸ்ட் 18 இரவு அது புறப்பட்டது. புதுக் கேப்டனும் இந்தியரே. கப்பலைப் பிடித்துவைக்கும் ஒரு நாட்டுக்கு ஓட்டிச் சென்றால் பல மில்லியன் டாலர் தருவதாக அமெரிக்க வெளியுறவுத் துறை அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அவர் இணங்கவில்லை. ஆகஸ்ட் 30இல் கப்பலின் பெயரோடு அவர் பெயரும் அமெரிக்கத் தடைப்பட்டியலில் ஏறியது.