ஆலையிலிருந்து பாடநூலுக்கு: ஒரு சதுரத்தின் பயணம்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் எதையேனும் எடுத்துப் புரட்டுங்கள். பாடத்தின் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு சதுரம் அச்சாகியிருக்கும். பாடநூல் அதை விரைவுக் குறியீடு என்கிறது. வகுப்பறைப் பேச்சில் அது கியூஆர் கோடு. கைப்பேசியை அதற்கு நேரே பிடித்தால் அந்தப் பாடத்துக்கான காணொலியோ ஒலிப்பதிவோ பயிற்சி வினாவோ திறக்கும். பிள்ளைகளுக்காகவே யாரோ கண்டுபிடித்ததுபோல அது புத்தகத்தோடு பொருந்தி நிற்கிறது. அது பிறந்ததோ ஜப்பானில், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில். நம் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் வருவதற்கு முன் மகாராஷ்டிரத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலும் அது வேலை பார்த்திருக்கிறது. இந்தப் பயணத்தை முழுதாகப் பார்த்தால், வகுப்பறைக்கு வரும் எந்தத் தொழில்நுட்பத்தையும் எடைபோட ஒரு வழி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஓய்ந்துபோன கைகள்

இந்தச் சதுரத்துக்கு மூத்தது பார்கோடு. 1949-ல் மயாமி கடற்கரை மணலில் நார்மன் ஜோசப் உட்லண்ட் விரல்களால் இழுத்த கோடுகளில் அதன் யோசனை பிறந்தது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் கடையொன்றில், ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாக அந்தக் கோடுகளைப் படித்து விற்கப்பட்டது. கடைக்கு அது போதுமாக இருந்தது. ஆலைக்குப் போதவில்லை.

பார்கோடு ஒரு திசையில்தான் செய்தி சுமக்கும். அதில் ஏறுவது ஏறத்தாழ இருபது எழுத்துகள். டொயோட்டாவுக்குப் பாகங்கள் தரும் டென்சோ நிறுவனத்தில், 1990களின் தொடக்கத்தில் பாகங்களின் வகை பெருகியபோது ஒரு பெட்டிக்குப் பத்து பார்கோடு வரை ஒட்ட வேண்டி வந்தது. தொழிலாளி அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தாக வேண்டும். ஒரு நாளில் ஆயிரம் முறைகூட. வேலை தாமதமாயிற்று, கைகள் ஓய்ந்தன. இதற்கு வேறு வழி இல்லையா என்று பணியிடத்திலிருந்து எழுந்த கேள்வி, பொறியாளர் மசாஹிரோ ஹாராவிடம் வந்து சேர்ந்தது.

உணவு இடைவேளையில் 'கோ' விளையாடுவது ஹாராவின் வழக்கம். குறுக்கும் நெடுக்கும் பத்தொன்பது கோடுகள் ஓடும் பலகை. அதன்மேல் கறுப்பு, வெள்ளைக் காய்கள். செய்தியையும் இப்படி இரு திசையில் பரப்பிவைத்தால் சிறிய இடத்தில் நிறைய அடங்குமே என்ற எண்ணம் அந்தப் பலகையைப் பார்த்து வந்தது. ஆனால் பெட்டியின்மேல் எத்தனையோ எழுத்தும் படமும் இருக்க, தான் படிக்க வேண்டிய சதுரம் எங்கே என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதற்காக மூன்று மூலைகளில் தனி அடையாளங்களை வைத்தார்கள். வெறும் சதுரம் என்றால் வேறு படங்களோடு குழம்பும். எனவே துண்டறிக்கை, பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான பொருள்களை எல்லாம் திரட்டி, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மாறிமாறி வருகின்றன என்று அளந்தார்கள். மிக அரிதாகத் தென்பட்ட விகிதம் 1:1:3:1:1. அதையே மூலை அடையாளமாக்கினார்கள். எந்தக் கோணத்தில் ஸ்கேன் செய்தாலும் அந்த விகிதம் மாறாது. சதுரம் தலைகீழாக இருந்தாலும் கருவி கண்டுகொள்ளும்.

ஆலையில் எண்ணெய்க் கறை படும், அட்டை கிழியும். அதற்கும் வழி செய்தார்கள். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960-ல் வகுத்த பிழைதிருத்தக் கணிதத்தின்படி, செய்தியோடு கூடுதலான சில எண்களும் சதுரத்துக்குள் எழுதப்படுகின்றன. அழிந்த பகுதியை அந்த எண்களிலிருந்து கணக்கிட்டு மீட்கலாம். உயர்ந்த நிலைத் திருத்தம் வைத்தால் ஏறத்தாழ 30 விழுக்காடு சேதத்தையும் தாங்கும். இன்று ஒரு பிள்ளையின் புத்தகத்தில் குழம்பு சிந்திய சதுரமும் திறக்கிறது என்றால், அது ஜப்பானிய ஆலையின் எண்ணெய்க் கறைக்குச் சொல்ல வேண்டிய நன்றி.

1994-ல் டென்சோ இதை வெளியிட்டது. ஒரு சதுரத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் இலக்கங்கள் வரை அடங்கும். ஜப்பானிய மொழியின் காஞ்சி எழுத்துகளையும் அது சுமந்தது. காப்புரிமை கையில் இருந்தும், தரநிலைப்படி பயன்படுத்துவோரிடம் அந்த உரிமையைக் கோரப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2000-ல் அது பன்னாட்டுத் தரநிலையானது; 2002-ல் அதைப் படிக்கும் கேமரா கைப்பேசிகள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. உரிமைத்தொகை கேட்டிருந்தால், கோடிக்கணக்கில் அச்சிடும் இலவசப் பாடநூலில் இந்தச் சதுரத்தை வைக்க எந்த அரசும் தயங்கியிருக்கும்.

பரிதேவாடியின் வகுப்பறை

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் கர்நாடக எல்லையை ஒட்டியது. அங்கே பரிதேவாடி என்ற சிற்றூரின் மாவட்ட ஊராட்சித் தொடக்கப்பள்ளிக்கு 2009-ல் ஆசிரியராகச் சென்றார் ரஞ்சித்சிங் டிசலே. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர். மாட்டுத் தொழுவத்துக்கும் சரக்கறைக்கும் இடையே சிதைந்து கிடந்தது பள்ளிக் கட்டடம். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது: பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம், பாடநூலின் மொழி வேறு.

அவர் முதலில் செய்தது கன்னடம் கற்றுக்கொண்டது. பிறகு ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பாடநூல்களைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி மாற்றி அமைத்தார். அதற்கும் பிறகுதான் சதுரம் வந்தது. ஒலிவடிவப் பாடல், கதை, காணொலிப் பாடம், பயிற்சி ஆகியவற்றைத் திறக்கும் கியூஆர் கோடுகளை அந்தப் புத்தகங்களில் பதித்தார். இந்த வரிசை முக்கியமானது. பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று முதலில் பார்த்தார். அந்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று யோசித்தார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவியாகச் சதுரத்தை எடுத்துக்கொண்டார்.

2017-ல் மகாராஷ்டிர அரசு மாநிலம் முழுவதும் பாடநூல்களில் கியூஆர் கோடு வரும் என்று அறிவித்தது. மறு ஆண்டு என்சிஇஆர்டி நூல்களுக்கும் ஒன்றிய அரசு அதையே அறிவித்தது. 2020 டிசம்பரில் டிசலேவுக்கு உலக ஆசிரியர் விருது கிடைத்தது. பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தார். கற்பித்தலை எல்லோருக்கும் சொந்தமானதாக நினைக்கும் மனம் அது.

நம் புத்தகப் பைக்குள்

2018 மே மாதம் தமிழ்நாட்டில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு இந்தச் சதுரம் பதித்த புதிய பாடநூல்கள் வந்தன. முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு உருவாக்கிய பாடத்திட்டம் அது. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளும் சேர்ந்தன. சதுரங்களைத் திறக்க, ஒன்றிய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திக்‌ஷா தளம் இருந்தது. ஸ்கேன் செய்ய முடியாதவர்கள் தட்டச்சு செய்வதற்காகச் சதுரத்தோடு ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றும் அச்சானது. பாடங்களைச் செயலியில் முன்கூட்டியே இறக்கி, இணையம் இல்லாத இடத்திலும் ஓட்ட வழி இருந்தது. கேமரா சரியில்லாதவரையும் சிக்னல் இல்லாத ஊரையும் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மடிக்கணினிக்கும் கைக்கணினிக்கும் இல்லாத ஒரு பலம் இந்தச் சதுரத்துக்கு உண்டு. கருவி பழசாகும், பேட்டரி போகும், பழுதுபார்க்க ஆள் தேட வேண்டும். தாளில் அச்சான சதுரத்துக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. கைப்பேசி மாறினாலும் அதே பக்கம் வேலை செய்யும். புத்தகத்தை அது ஓரங்கட்டுவதும் இல்லை. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்திலேயே, எழுத்தால் காட்ட முடியாததை மட்டும் காட்டுகிறது.

அப்படி எழுத்தால் காட்ட முடியாதவை நிறைய. கணக்குப் புத்தகத்தின் இணையச் செயல்பாட்டுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சதுரம் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளுக்கு அழைத்துச் செல்லும். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரே மணியில் எத்தனை முக்கோணம் வரைய முடியும்? இங்கே பிள்ளை நூறு முக்கோணங்களைத் தானே உண்டாக்கிப் பார்த்து, "எப்படி இழுத்தாலும் மாற மாட்டேங்குதே!" என்று வியக்கலாம். அந்த வியப்பு வந்த பிறகு நிரூபணம் சொன்னால் அது மனத்தில் ஏறும். ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு, இதயத்தின் வால்வுகள் திறந்து மூடும் ஒழுங்கு, விதை முளைவிடும் மெதுவான அசைவு ஆகியவையும் இந்த வகைதான்.

பூட்டிய பள்ளிகளின் காலம்

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அதுவரை ஆசிரியரின் கைப்பேசியிலும் வகுப்பறைத் திரையிலும் திறந்த சதுரத்தை, இனி வீட்டில் பிள்ளையே திறக்க வேண்டும் என்றாயிற்று. ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கைகளின்படி, பள்ளியில் பயிலும் பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தவர்கள் 2018-ல் 36.5 விழுக்காடு, 2020-ல் 61.8, 2021-ல் 67.6. வருமானம் சுருங்கிய காலத்தில் கடன்பட்டும் கைப்பேசி வாங்கிய பெற்றோர் பலர். ஆனால் 2021-ல், கைப்பேசி இருந்த வீடுகளிலேயே 26.1 விழுக்காடு பிள்ளைகளின் கைக்கு அது எட்டவில்லை. அப்பாவோடு அது காலையிலேயே வேலைக்குப் போய்விடும்; அண்ணனும் தங்கையும் படிக்கும் வீட்டில் இருப்பது ஒன்று. ஒவ்வொரு பாடத்திலும் சதுரம் இருந்தது. அதைப் படிக்கும் கருவி பிள்ளையிடம் இல்லை.

இன்னொரு கவலையும் இதைத் தொடர்ந்து வெளியே வந்தது. சதுரத்தை ஸ்கேன் செய்யும்போது நாம் பாடத்தைப் பார்க்கிறோம். மறுபுறம் இருக்கும் செயலியும் நம்மைப் பார்க்க முடியும். அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகள் பிள்ளைகளின் தகவலை எப்படிக் கையாள்கின்றன என்று 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட ஆய்வு, திக்‌ஷாவையும் குறிப்பிட்டது. பாதுகாப்பின்றி விடப்பட்ட அதன் சேமிப்பகம் ஒன்றின் வழியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை வெளியில் தெரிந்ததை 2023 ஜனவரியில் வயர்ட் இதழ் எழுதியது. பாடம் படிக்க வரும் பிள்ளையிடம் பாடத்துக்குத் தேவையில்லாத எந்தத் தகவலையும் கேட்கக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

பிள்ளையின் கைக்கு வந்த சதுரம்

எல்லோரிடமும் கைப்பேசி இல்லாத வகுப்பில் இந்த யோசனையையே திருப்பிப் போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிளிக்கர்ஸ் என்ற முறை அமெரிக்க ஆசிரியர் ஒருவரின் வகுப்பறையில் உருவானது. அதில் சதுரம் பதித்த அட்டை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கும். கைப்பேசி ஆசிரியரிடம் மட்டும். அட்டையின் நான்கு பக்கங்களுக்கு நான்கு விடைகள். ஆசிரியர் கேள்வி கேட்டதும், தான் சரியென நினைக்கும் விடை மேலே வருமாறு பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் கைப்பேசியை வகுப்பின்மேல் ஓட்டினால் யார் யாருக்கு எது புரிந்தது என்று உடனே தெரியும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத வழியில்லை. கூச்சத்தால் கையே தூக்காத பிள்ளையின் விடையும் ஆசிரியரை எட்டிவிடும். கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா என்று தெரியாமல் பாடம் நகர்ந்துவிடுவதே வகுப்பறையின் பெரிய துயரம். அதற்கு ஒரு கைப்பேசியும் நாற்பது தாள்களும் மருந்தாகின்றன.

இந்தப் பயணம் நெடுகிலும் ஒரே பாடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஹாரா தொழிலாளியின் ஓய்ந்த கையிலிருந்து தொடங்கினார், டிசலே கன்னடம் பேசும் பிள்ளையிடமிருந்து தொடங்கினார், பிளிக்கர்ஸ் வாய் திறக்காத மாணவருக்கும் இடம் கொடுத்தது. யாருடைய எந்தச் சிரமத்துக்காக என்ற கேள்விக்குத் தெளிவான விடை இருந்த இடங்களில் எல்லாம் சதுரம் உதவியது. எல்லாப் பிள்ளைக்கும் கைப்பேசி இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொண்ட இடத்தில் அது பாதி வகுப்பை வெளியே நிறுத்தியது.

ஆகவே இனி செய்ய வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. சதுரம் சுமப்பது பெரும்பாலும் ஒரு முகவரியை மட்டுமே. அந்த முகவரியில் இருக்கும் பாடம் போய்விட்டால் அச்சான சதுரம் வீண். ஒவ்வொரு மறுபதிப்புக்கு முன்பும் அத்தனை சதுரங்களையும் திறந்து பார்க்க வேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டு, பிள்ளைகள் உண்மையில் தடுமாறும் இடங்களில் மட்டும் அவற்றை வைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள வரிகளையே வாசித்துக் காட்டும் காணொலிக்குச் சதுரம் தேவையில்லை. மலைக்கிராமப் பள்ளிக்கு அந்தப் பாடங்கள் இணையமின்றிக் கிடைக்க வேண்டும். வகுப்பிலேயே எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒரு திரை வேண்டும். பார்த்து முடித்ததும் "என்ன கவனிச்சீங்க?" என்று கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். இந்தக் கடைசித் தேவைக்குத்தான் நம் பள்ளிகளில் மிகக் குறைவாக இடம் ஒதுக்குகிறோம். ஆசிரியர்மேல் விழுந்திருக்கும் பதிவேட்டு வேலையையும் செயலி வேலையையும் குறைத்து அந்த நேரத்தை மீட்டுத் தந்தால், அச்சிட்டு வைத்த சதுரங்கள் அத்தனையும் பிள்ளைகளுக்குப் பயன்படத் தொடங்கும்.