கல்கத்தா மூங்கிலும் பழைய தூண்டிற்கோலும்

வங்க நாட்டில் வந்து குடியேறி வாழும் நமக்கு, விடுமுறை நாள் முழுவதும் குளக்கரையில் தூண்டிலிட்டு அமர்ந்திருக்கும் அன்பர்களைக் காண்பது புதிதன்று. அவர்கள் கையிலுள்ள கோல் இன்று பெரும்பாலும் கண்ணாடி இழையாலோ கரி இழையாலோ ஆனது. ஆயினும், ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்வர்கள் பெருமையுடன் ஏந்திய தூண்டிற்கோல் நம் நாட்டு மூங்கிலால் ஆயது என்பதும், அம்மூங்கிலுக்குக் 'கல்கத்தா' என்றே பெயர் வழங்கியது என்பதும் நம்மில் பலர் அறியாதவை. அவ்வரலாற்றையும், அதனை அறியாமையால் நாம் செய்த ஒரு பிழையையும் இங்கே எழுதப் புகுந்தோம்.

கல்கத்தாவில் மூங்கிற்காடு ஏது என்று வினவலாம். காடு வேறு, துறைமுகம் வேறு. சரக்கை ஏற்றிய இடத்தின் பெயரே சரக்கின் பெயராகி விடுவது உலக வழக்கு. கோழிக்கோட்டிலிருந்து சென்ற துணி 'காலிகோ' ஆயிற்று. நம் கட்டத்துணி 'மெட்ராஸ்' ஆயிற்று. ரயில்வேயில் பார்சல் ரசீது எழுதிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. கல்கத்தா மூங்கில் என்பது பெரும்பாலும் கல்மூங்கில் எனக் கருதப்படுகிறது. காவலர் லத்திக்கும் குதிரைப்படையினர் ஈட்டிக்கும் பயன்பட்ட உறுதியான சாதி அது.

மூங்கிலின் வலிமையெல்லாம் அதன் புறத்தோலை ஒட்டிய நாரிலேயே உள்ளது. உட்பகுதி வெறும் சோறு. ஆகவே கழியை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு சிம்பையும் முக்கோணமாக இழைத்து, தோல் வெளிப்புறம் வருமாறு ஆறு சிம்புகளை ஒட்டினால், மெல்லியதும் வளைந்து நிமிர்வதுமான அறுகோணக் கோல் கிடைக்கும். நுனித்துண்டை மட்டும் இவ்வாறு பிளந்து ஒட்டும் வழக்கம் இங்கிலாந்தில் முன்னரே இருந்தது. 1840-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் நகரில் வாழ்ந்த சாமுவேல் பிலிப்பி என்பார் இக்கலையை வளர்த்தார். அவர் துப்பாக்கி செய்பவர். பிடில் செய்வதிலும் வல்லவர். மரத்தைச் சன்னமாக இழைத்து ஒட்டும் பழக்கம் பிடிலிலிருந்து தூண்டிலுக்குச் சென்றது போலும்! பின்னர் 1870-களில் மேய்ன் மாநிலத்தில் ஹிராம் லெனர்டு என்பவர் சிம்பு இழைக்க இயந்திரம் அமைத்து, பிறர் கண்ணில் படாமல் அதைப் பூட்டி வைத்தார். இவர்கள் கையாண்டதெல்லாம் கல்கத்தா மூங்கிலே.

அம்மூங்கிலில் ஓர் அடையாளம் உண்டு. மேற்றோலில் ஆங்காங்கே கருகிய திட்டுகள் காணப்படும். நம் நாட்டில் பச்சைக் கழியைத் தீயில் வாட்டி நிமிர்த்துவது வழக்கம். அதில் விழுந்த சுடுவடுதான் அது. மேனாட்டார் இதற்குப் பலவாறு காரணம் ஊகித்துத் திகைத்தனராம். வாட்டியவனைக் கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பான். கருகிய இடமும் பூச்சி துளைத்த இடமும் வீணாயின. எனவே இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில், கணுவிடை நீண்ட 'டோங்கின்' மூங்கில் கல்கத்தாவின் இடத்தைப் பிடித்தது. அதுவும் வியட்நாமிலுள்ள டோங்கினில் விளைந்ததன்று. சீனத்துக் குவாங்டாங் பகுதியில் விளைவது. மீண்டும் பெயர்க் குழப்பமே!

1950-இல் அமெரிக்கா சீன வாணிகத்தைத் தடை செய்தபோது டோங்கினும் நின்றது. கண்ணாடி இழைக் கோல்கள் கடைகளை நிரப்பின. மூங்கிற்கோல் அருமைப் பொருளாகவே, அதனைத் தேடிச் சேர்ப்போர் பெருகினர். 1968-இல் வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டரில் இதற்கென ஓர் அருங்காட்சியகமே எழுந்தது.

மேனாடு சென்ற மூங்கில் கோலாகித் திரும்பியும் வந்தது. சென்னை சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்திய நதிகளில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூலே எழுதினார். மகாசீர் மீன்மேல் துரைமார்களுக்கு அத்தனை மோகம். 1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மகாசீர் 120 ராத்தல் எடை. காவிரிக்கே உரிய அத்திமிலுடைய மகாசீர், 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. துரைமார்கள் கப்பலேறியபோது கோல்கள் பல பங்களாப் பரண்களில் தங்கிவிட்டன.

அத்தகைய கோலொன்று சில ஆண்டுகளுக்கு முன்னர் கல்கத்தாவில் பழைய சாமான் கடையொன்றில் நமக்குக் கிடைத்தது. தகரக் குழாயில் மூன்று துண்டுகள். பட்டு நூற்கட்டுகள் இற்றுப்போயிருந்தன, வார்னிஷ் பொரிந்திருந்தது. மகிழ்ச்சி மிகுதியால் உப்புத்தாள் கொண்டு அடித்துண்டையும் நடுத்துண்டையும் நன்றாகத் தேய்த்து, கருமையெல்லாம் போக்கி, பளபளவென்று புது வார்னிஷ் பூசினோம். நம் காலனியில் வசிக்கும், வண்டிப் பட்டறையில் தச்சராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவரிடம் பெருமையுடன் காட்டினோம்.

"தம்பி, இது அழுக்கு இல்லையே, சூடு பட்ட தடம் அல்லவா? இதை வாட்டின கை நம்ம ஊர்க் கை. அதைப் போய் அழித்துவிட்டீர்களே!" என்றார் அவர்.

அழிந்தது தடம் மட்டுமன்று. கோலின் உயிரான புறநாரையும் தேய்த்து விட்டோம். செய்தவர் பெயர் ஒன்று அடித்துண்டில் மையால் எழுதியிருந்தது. அதுவும் தூளோடு போயிற்று. யார் செய்த கோல் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

முறை தெரிந்தோர் செய்வது வேறு. ஈரத்துணியால் மெல்லத் துடைப்பர். இற்ற நூலை மட்டும் நகத்தால் உரித்து, அதே நிறத்துப் பட்டு நூலைச் சுற்றி, அரக்குக் கரைசல் பூசுவர். அவ்வரக்குக்குப் புகழ்பெற்றது நமக்கு அண்மையிலுள்ள சோட்டா நாகபுரியே. பழங்கோல்களில் கட்டுகள் நெருக்கமாக இருப்பது அழகுக்காக அன்று. அக்காலத்து வச்சிரப்பசை ஈரத்திலும் வெப்பத்திலும் இளகுமாதலால் சிம்புகளை இறுக்கிப் பிடிக்கவே அவை. ஒன்றையும் குறைத்தல் ஆகாது. கழி வளைந்திருந்தால் அனலில் இதமாகக் காட்டி நிமிர்த்துவர். அதிகம் காட்டினால் பசை விட்டுவிடும். நூல் சுற்றும் பித்தளை ரீலையும் பொன்போல மின்னத் துலக்குவதில்லை. பழைய கருவெண்கல மெருகு போனால் மதிப்பும் போயிற்று.

நற்பேறாக நுனித்துண்டை நாம் தொடவில்லை. அதில் மூன்று சுடுவடுக்கள் அப்படியே உள்ளன. ஆண்டு விழாவன்று சங்க மண்டபத்து நூலக மேசையில் மூன்று துண்டுகளையும் அருகருகே வைத்திருப்போம். காண வரும் குழந்தைகள் நுனித்துண்டைக் கையால் தொட்டும் பார்க்கலாம்.