கண் வைத்தியருக்கும் நமக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் தகடு

போன வாரம் உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். நாடியை வைத்து, நெற்றியை அழுத்திக்கொண்டு இருக்கச் சொல்வார்களே, அந்த இயந்திரத்தில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு மாட்டியிருந்தது. "இது என்னத்துக்கு மகன்?" என்று உம்மா கேட்டார். "எச்சில் தெறிக்காமல் இருக்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அதன் பின்னால் உள்ள வரலாற்றைச் சொல்லாமல் விட்டது மனதை உறுத்தியது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

அந்த இயந்திரத்தின் பெயர் ஸ்லிட் லாம்ப். 1911 இல் சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் அறிமுகப்படுத்தியது. கண்ணின் உள்ளே நுணுக்கமாகப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வைத்தியரின் முகமும் நோயாளியின் முகமும் ஒரு கை நீளம்கூட இல்லாத தூரத்தில் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை மூச்சு!

கண் சிகிச்சை நடக்கும் இடமே நோய் பரவும் இடமாகலாம் என்பது பழைய பாடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941, 1942 ஆண்டுகளில், ஹவாயிலும் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களிலும் தொழிலாளர்களுக்குக் கடுமையான கண்நோய் பரவியது. கண்ணில் விழுந்த இரும்புத்தூளை எடுக்க அவர்கள் முதலுதவி நிலையத்துக்குப் போவார்கள். அங்கே கழுவாத கைகள், ஒரே கருவி, பலருக்கும் ஒரே மருந்துச் சொட்டு. இவற்றாலேயே நோய் ஆளுக்கு ஆள் தொற்றியது. அதற்குக் காரணமான அடினோ வைரஸ் 1955 இல்தான் கண்டறியப்பட்டது. வைரஸ் எதுவென்று தெரிய முன்பே, கை கழுவினால், கருவியைச் சுத்தம் செய்தால் நோய் குறையும் என்பது தெரிந்துவிட்டது.

அந்தப் பாடம் கைகளைப் பற்றியது. மூச்சைப் பற்றிய பாடத்தை 2020 கற்றுத் தந்தது.

சீனாவின் வூஹான் மத்திய வைத்தியசாலையில் லீ வென்லியாங் என்ற கண் வைத்தியர் இருந்தார். 2019 டிசம்பர் 30 ஆம் திகதி, சார்ஸ் போன்ற ஒரு நோய் வந்திருக்கிறது, கவனமாக இருங்கள் என்று தன்னோடு படித்த வைத்தியர்களின் குழுவில் எழுதினார். அந்தச் செய்தி வெளியே பரவியது. ஜனவரி 3 இல் பொலிஸார் அவரை அழைத்து, பொய்யான கருத்தைப் பரப்பியதாக எச்சரித்துக் கடிதத்தில் கையொப்பம் வாங்கினார்கள்.

அவர் வேலைக்குத் திரும்பினார். சில நாட்களில் குளுக்கோமா நோயாளி ஒருவரைப் பரிசோதித்தார். அந்த நோயாளிக்கு அப்போது காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. ஜனவரி 10 இல் லீக்கு இருமல் தொடங்கியது. பெப்ரவரி 7 இல் மரணமானார். மார்ச்சில் அதே வைத்தியசாலையின் கண் வைத்தியர்கள் இன்னும் இருவர், மே ஜொங்மிங்கும் ஜூ ஹெபிங்கும், இறந்தார்கள். மார்ச் 19 இல் வூஹான் பொலிஸ் அந்த எச்சரிக்கையை மீளப்பெற்று, லீயின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது. கேட்பதற்கு அவர் இருக்கவில்லை.

அதன் பிறகுதான் உலகெங்கும் கண் கிளினிக்குகள் மாறின. ஸ்லிட் லாம்பில் பெரிய தகடு மாட்டினார்கள். வாசலிலேயே காய்ச்சல், இருமல் பற்றி விசாரித்தார்கள். இருவருக்கும் முகக்கவசம், வைத்தியருக்குக் கண் பாதுகாப்பும் வேண்டும் என்றார்கள். பரிசோதனை நடக்கும்போது பேச வேண்டாம் என்றார்கள். காற்றை ஊதிக் கண் அழுத்தம் அளக்கும் கருவி கண்ணீரைத் தெறிக்க வைக்கும் என்பதால் பல இடங்களில் தவிர்த்தார்கள். 2020 மார்ச் 18 இல் அமெரிக்கக் கண் மருத்துவ அகடமி, அவசரமில்லாத சிகிச்சைகளை உடனே நிறுத்தும்படி தன் வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது.

லீக்கு நோயைக் கொடுத்தவர் எதையும் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. நமக்குத் தெரிந்தும் சொல்லாமல் விடுகிறோமே, அதுதான் என் கவலை. "காய்ச்சல் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மூன்று மாதம் காத்திருந்த திகதி போய்விடும்" என்று மறைத்தவர்களை நான் அறிவேன். ஒரு முறை நானும் அப்படிச் செய்தவன்தான்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது உண்மையைச் சொல்லுங்கள். நாடியை வைத்ததும் பேச்சை நிறுத்துங்கள். உம்மாவுக்கு இன்று இரவு இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.