214 கோடியில் முட்டிய டீபக்கர்



அக்கா கல்யாண வீடியோவை பென் டிரைவில் ஏற்ற விளாத்திகுளம் பஜாருக்குப் போயிருந்தேன். டிரைவில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் கோப்பு ரொம்பப் பெரிசு என்று காப்பி ஆக மறுத்துவிட்டது. பென் டிரைவ் எஃப்ஏடி32 வகை. அது ஒரு கோப்பின் அளவை 32 பிட்டில்தான் குறித்து வைக்கும். 4 ஜிபியைத் தொட்டால் எழுத இடமில்லை. பைக் மீட்டர் 99999க்கு அப்புறம் பூஜ்யத்துக்குப் போகிற மாதிரிதான்! இதே வியாதி, வியாதி கண்டுபிடிக்கிற வைத்தியருக்கே வந்தால்?

அந்த வைத்தியர் ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986ல் எழுதிய டீபக்கர். ஒரு புரோகிராம் செத்து விழும்போது அதன் மெமரி அப்படியே 'கோர் டம்ப்' என்ற கோப்பாக எழுதப்படும். ஜிடிபி அதைத் திறந்து பிரேதப் பரிசோதனை செய்யும்.

பழைய 32 பிட் லினக்ஸில் கோப்புக்குள் இருக்கும் இடத்தைக் குறிக்கிற எண்ணில் ஒரு பிட் மைனஸ் குறிக்குப் போய்விடும் (தப்பு நடந்தால் -1 என்று சொல்ல வேண்டுமே). மிச்சம் 31 பிட். உச்சம் 214,74,83,647. அதாவது 2 ஜிபி. பெரிய டேட்டாபேஸ் சர்வர் விழுந்தால் அதன் கோர் கோப்பு இதைச் சுலபமாகத் தாண்டும். எந்தப் பிணத்தை அவசியம் அறுத்துப் பார்க்க வேண்டுமோ அதையே திறக்க முடியாது.

யூனிக்ஸ் நிறுவனங்கள் கூடிப் பேசி 1996ல் பெரிய கோப்புகளுக்கு ஒரு பொது விதி வகுத்தன. 2001ல் வந்த லினக்ஸ் 2.4 அதை ஏற்றது. ஆனால் ஒவ்வொரு புரோகிராமையும் 64 பிட் இடக்குறியோடு மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். உள்ளே எங்காவது ஒரு பழைய 'இன்ட்' ஒளிந்திருந்தால் எண் சத்தமில்லாமல் வெட்டுப்படும். கோப்பு திறக்கவில்லை என்றால் நமக்காவது தெரியும். இது தெரியாது.

64 பிட் கம்ப்யூட்டர் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை! ஒரு ஸ்ட்ரக்சருக்குள் ஒரு உறுப்பு எங்கே இருக்கிறது என்பதை ஜிடிபி பைட்டில் அல்ல, பிட்டில் கணக்கு வைத்தது. அதுவும் சாதாரண இன்ட்டில். 214 கோடி பிட் என்றால் வெறும் 256 எம்பி. அதைத் தாண்டிய உறுப்பைக் கேட்டால் தப்பான இடத்தைக் காட்டும். 2012ல் ரெட் ஹேட்டில் இருந்த நம் நாட்டுக்காரர் சித்தேஷ் போயரேகர் அந்த எண்களை 64 பிட்டாக விரித்துத் திருத்தங்கள் அனுப்பினார். ஒரு இடத்தில் மாற்றினால் போதாது. அந்த எண் எந்தெந்த ஃபங்ஷன் வழியாகப் போகிறதோ அங்கெல்லாம் துரத்திப் போக வேண்டும். புது வசதி எதுவும் கண்ணில் படாத வேலை. எனக்கென்னவோ இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்ட்ரக்சரில் 300 எம்பி அரே, அதற்குப் பின்னால் ஒரு இன்ட் வையுங்கள். 2012க்கு முந்தைய ஜிடிபியில் அந்த இன்ட்டின் முகவரியைக் கேட்டு, புரோகிராம் தானே பிரிண்ட் செய்யும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் :-)